வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் தம் அரசின்மீதே ஆத்திரம் கொண்டது ஏன்? அந்த எதிர்ப்பால் போர் நின்றதா?

வியட்நாம் போர் நடந்தபோது அமெரிக்க மக்கள் தங்கள் சொந்த அரசின்மீதே அவ்வளவு ஆத்திரம் கொண்டது ஏன், பிள்ளைகளைப் பறிகொடுக்கும் பயத்தாலா அல்லது போரே அநியாயமானது என்ற எண்ணத்தாலா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எதிர்ப்பால் போர் நின்றதா என்றும், திரும்பி வந்த படைவீரர்கள்மீது மக்கள் காறித் துப்பினார்கள் என்பது உண்மையா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. முறையாகத் தேர்தல் நடக்கிற, பத்திரிகைகள் தடையின்றி எழுதுகிற ஒரு நாட்டில், தன் பெயரால் வேறொரு மண்ணில் நடக்கும் போரைத் தடுக்க ஒரு குடிமகனுக்கு உண்மையில் என்ன வழி இருக்கிறது என்பதே அது. கல்லூரியில் பல ஆண்டுகள் இருபதாம் நூற்றாண்டு உலக வரலாற்றைப் பாடமாக நடத்தியவன் நான். என் படிப்பு பெரும்பாலும் அமெரிக்க ஆவணங்களைச் சார்ந்தது; வியட்நாமியர் தரப்பை மொழிபெயர்ப்புகளின் வழியாக மட்டுமே அறிவேன். எனவே இந்தப் பதில் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அவர்களுடைய அரசுக்கும் இடையில் நடந்ததைப் பற்றியது மட்டுமே என்று கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்க மக்கள் இந்தப் போரை எதிர்த்துத் தொடங்கவில்லை, ஆதரித்தே தொடங்கினார்கள். வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறா என்று கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் 1965 ஆகஸ்டில் கேட்டபோது, தவறு என்றவர்கள் 24 சதவீதம்தான். 1967 அக்டோபரில்தான் தவறு என்றவர்கள் (47 சதவீதம்) தவறில்லை என்றவர்களை (44 சதவீதம்) முதன்முறையாக முந்தினார்கள். 1968 ஆகஸ்டில் அது 53 சதவீதமாகவும், 1971 மே மாதத்தில் 61 சதவீதமாகவும் உயர்ந்தது. இந்த ஏற்றத்தைச் சாவு எண்ணிக்கையோடு ஒப்பிட்டு ஆராய்ந்த அரசியல் அறிஞர் ஜான் முல்லர், கொரியப் போரிலும் வியட்நாம் போரிலும் இறப்பு கூடக் கூட ஆதரவு ஏறக்குறைய ஒரே விதமாகச் சரிந்ததைக் காட்டினார். ஆகவே பிள்ளைகளின் சாவு போருக்கான ஆதரவைக் குறைத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கொரியப் போரின்போது ஆதரவு சரிந்தும், லட்சக்கணக்கானோர் தலைநகரை நோக்கி ஊர்வலம் போகவில்லை. இளைஞர்கள் தங்கள் கட்டாய ஆள்சேர்ப்பு அட்டைகளைத் தெருவில் கொளுத்தவில்லை. போர் வேண்டாம் என்று நினைப்பது ஒன்று. அரசு நம்மை ஏமாற்றிவிட்டது என்று கொதிப்பது வேறொன்று. நீங்கள் கேட்பது இரண்டாவதைப் பற்றி. அதற்கு விடை தேட, மக்கள் இந்தப் போருக்குள் எப்படிக் கொண்டுவரப்பட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

1964 ஆகஸ்ட் 2 அன்று டோங்கின் வளைகுடாவில் மடாக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வட வியட்நாமின் படகுகள் தாக்கின. இது நடந்த உண்மை. ஆகஸ்ட் 4 இரவில் இரண்டாவது தாக்குதல் நடந்ததாக அறிவிக்கப்பட்டது. அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்பது இன்று ஆராய்ச்சியாளர்களிடையே தீர்ந்துபோன விஷயம். அந்தக் கப்பற்பிரிவின் தளபதியே அன்றே, பல தகவல்கள் ஐயத்துக்குரியவை, முழுமையாக ஆராயாமல் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று தந்தி அனுப்பினார். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் சொந்த வரலாற்றாசிரியர் எழுதிய ஆய்வு 2005இல் வெளியிடப்பட்டபோது, ஒட்டுக்கேட்ட செய்திகள் எப்படித் தவறாகக் கையாளப்பட்டன என்பதும் வெளிப்பட்டது. அந்த இல்லாத தாக்குதலைச் சுட்டிக்காட்டித்தான் ஆகஸ்ட் 7 அன்று குடியரசுத் தலைவர் ஜான்சனுக்கு ஏறத்தாழ வரம்பற்ற அதிகாரம் தரும் தீர்மானம் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் எதிர்ப்பே இல்லாமல் 416 வாக்குகள்; செனட்டில் 88 பேர் ஆதரவு, 2 பேர் மட்டும் எதிர்ப்பு. அந்த இருவர் ஓரிகானின் வெய்ன் மோர்ஸ், அலாஸ்காவின் எர்னஸ்ட் கிரூனிங். போர்ப் பிரகடனம் என்று ஒன்று அதற்குப் பிறகும் வரவில்லை. இந்த டோங்கின் தீர்மானமே அதற்கு ஈடாக நின்றது.

அதே ஆண்டு நவம்பரில் தேர்தல். எதிர்த்து நின்ற கோல்ட்வாட்டரைப் போர்வெறி கொண்டவராகவும் தம்மை நிதானமானவராகவும் காட்டித்தான் ஜான்சன் வாக்குக் கேட்டார். அக்டோபர் 21 அன்று ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில், ஆசியப் பிள்ளைகள் தாங்களே செய்ய வேண்டிய வேலைக்காக அமெரிக்கப் பிள்ளைகளை ஒன்பதாயிரம், பத்தாயிரம் மைல் அனுப்பப் போவதில்லை என்று பேசினார். 61 சதவீத வாக்குகளோடு வென்றார். அடுத்த மார்ச் 8 அன்று முதல் தரைப்படைப் பிரிவுகள் டா நாங் கடற்கரையில் இறங்கின. ஜூலை 28 நண்பகலில், வியட்நாமிலுள்ள படையினரின் எண்ணிக்கையை 75,000இலிருந்து 1,25,000ஆக உயர்த்துவதாகவும், மாதந்தோறும் கட்டாயமாகச் சேர்க்கப்படுவோரை 17,000இலிருந்து 35,000ஆக ஆக்குவதாகவும் ஒரு செய்தியாளர் கூட்டத்தில் அறிவித்தார். ரிசர்வ் படையை, அதாவது தேவைப்படும்போது மட்டும் அழைக்கப்படும் வீரர்களை, அழைக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா பரிந்துரைத்திருந்தும் ஜான்சன் அதை ஏற்கவில்லை. அழைத்திருந்தால் நடுத்தர வயதுக் குடும்பத் தலைவர்கள் ஊருக்கு ஊர் வேலையை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். போர்வரி கேட்டிருந்தால் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்திருக்கும். இரண்டையும் தவிர்த்ததன் மூலம் நாடு ஒரு பெரும்போரில் இறங்குகிறது என்பதை மக்கள் தங்கள் அன்றாட வாழ்வில் உணராதபடி பார்த்துக்கொண்டார்கள். வறுமை ஒழிப்பு, முதியோர் மருத்துவக் காப்பீடு முதலிய தம் உள்நாட்டுத் திட்டங்களுக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்பதே ஜான்சனின் முதன்மையான கவலை என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. நோக்கம் நல்லதாக இருந்தும், மக்களிடம் உள்ளதைச் சொல்லி ஒப்புதல் வாங்கும் வாய்ப்பை அரசு அன்றே கைவிட்டுவிட்டது.

ஜான்சன் உள்ளூர என்ன நினைத்தார் என்பதற்கு அவர் தொலைபேசியில் பேசிய பதிவுகளே சான்று. 1964 மே 27 அன்று, அதாவது படை இறங்குவதற்கு ஒன்பது மாதங்களுக்கும் முன்பே, தம் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியிடம் பேசுகிறார். இது சண்டையிடத் தகுந்த இடமென்று தோன்றவில்லை, வெளியேறவும் முடியும் என்று தோன்றவில்லை என்கிறார். தம் வீட்டில் வேலை செய்யும் ஒரு சார்ஜென்டை நினைத்துப் பார்த்ததாகவும், அவருக்கு ஆறு பிள்ளைகள் என்றும், அவரை எதற்காக அங்கே அனுப்புகிறேன் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டதாகவும் சொல்கிறார். இந்தப் பதிவு மக்கள் காதுக்கு எட்டியது 1997இல். அந்தக் குரலை நாடு 1964இலேயே கேட்டிருந்தால் போர் நடந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தங்களிடம் ஒன்று சொல்லப்படுகிறது, உள்ளே வேறொன்று பேசப்படுகிறது என்று பின்னாளில் மக்கள் கொண்ட சந்தேகம் வீண் சந்தேகம் அன்று என்பதை இது உறுதிப்படுத்துகிறது.

அரசு எவ்வளவு ஆயத்தமின்றி மக்களைப் போருக்குள் இழுத்தது என்பதற்கு ஒரு சிறு காட்சியைச் சொல்கிறேன். 1965 நவம்பரில் இயா டிராங் பள்ளத்தாக்கில் நான்கைந்து நாட்களில் 200க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். அவர்களில் பலருடைய குடும்பங்கள் ஜார்ஜியா மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்துப் படைத்தளத்தை ஒட்டி வாழ்ந்தன. இவ்வளவு சாவை அறிவிக்கும் ஏற்பாடு இராணுவத்திடம் இல்லை. மரணச் செய்தியைத் தந்தியாக டாக்சி ஓட்டுநர்களிடம் கொடுத்தனுப்பினார்கள். தெருவுக்குள் மஞ்சள் டாக்சி நுழைந்தாலே பெண்கள் கதவைத் திறக்க அஞ்சினார்கள். வீட்டு எண் தெரியாத ஓட்டுநர் ஒருவர், அந்தப் படைப்பிரிவுத் தளபதியின் மனைவி ஜூலியா மூரின் கதவைத் தட்டி வழி கேட்டார். தன் கணவன் இறந்த செய்தி என்றே அவர் முதலில் நினைத்தார். அதன் பிறகு அந்த அம்மையார் தாமே டாக்சிகளைப் பின்தொடர்ந்து துக்க வீடுகளுக்குப் போகத் தொடங்கியதும், மேலிடத்தில் முறையிட்டதும், பின்னர் ஓர் அதிகாரி நேரில் சென்று சொல்லும் முறை வந்ததற்குக் காரணமாயின. இவர் போரை எதிர்த்தவர் அல்லர், படைவீரரின் மனைவி. அரசின்மீது வருத்தம் கொண்டவர்கள் எல்லாரும் கொடி பிடித்த மாணவர்கள் என்று நினைக்கும் இன்றைய வாசகர்களுக்கு இதை நான் எப்போதும் நினைவூட்டுவது வழக்கம்.

யார் போருக்குப் போனார்கள் என்பது அடுத்த காயம். ஆள்சேர்ப்பை முடிவு செய்தவை நாடெங்கும் இருந்த ஏறத்தாழ 4,000 உள்ளூர் வாரியங்கள். ஊர்ப் பெரியவர்கள் சம்பளமின்றி அமர்ந்து, இன்னார் போகலாம், இன்னாருக்கு விலக்கு என்று தீர்மானித்தார்கள். கல்லூரியில் படிப்பவனுக்கு விலக்கு உண்டு. பட்டறையில் வேலை செய்பவனுக்குக் கிடையாது. குடும்ப மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கத் தெரிந்தவன் தப்பினான். அந்தக் காலத்தில் வயது வந்த சுமார் 2 கோடியே 70 லட்சம் ஆண்களில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். தாமாகச் சேர்ந்தவர்களையும் கூட்டினாலும் பெரும்பான்மையோர் சீருடையே அணியவில்லை. எல்லாரும் போக வேண்டிய போரில் ஒருவன் போவது வேறு, எதிர்வீட்டுப் பையன் போகாதபோது தன் பிள்ளை மட்டும் போவது வேறு. 1966 அக்டோபரில் மெக்னமாரா தகுதித் தேர்வின் மதிப்பெண் வரம்பைத் தாழ்த்தி, அதுவரை தள்ளுபடி செய்யப்பட்டவர்களிலிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரைச் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கினார். அந்த வழியில் மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டார்கள். போரின் தொடக்க ஆண்டுகளில் இறந்தவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு அவர்களுடைய மக்கள்தொகைப் பங்கைப் போல ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. போர் முழுவதையும் கணக்கிட்டால் அது 12 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. தொடக்கக் காலத்துக் கணக்கை முழுப் போருக்கும் பொருத்திப் பேசும் பழக்கம் இன்றும் உண்டு, அது தவறு. ஆனால் 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் மார்ட்டின் லூதர் கிங் போரைக் கண்டித்துப் பேசியபோதும், அதே மாதம் முகமது அலி படையில் சேர மறுத்தபோதும், அவர்கள் கண்முன் இருந்தது அந்தத் தொடக்கக் காலத்து நிலைமை.

இந்த அநீதிக்கு மருந்தாக 1969 டிசம்பர் 1 அன்று குலுக்கல் முறை கொண்டுவரப்பட்டது. ஆண்டின் 366 நாட்களையும் தனித்தனிச் சீட்டுகளில் எழுதி, நீல நிற பிளாஸ்டிக் குப்பிகளில் அடைத்து, ஒரு கண்ணாடி ஜாடியில் கொட்டி, தொலைக்காட்சிக் கேமராக்களின் முன் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்த நாளில் பிறந்த, குறிப்பிட்ட வயது வரம்பிலிருந்த இளைஞர்கள் எல்லாரும் அந்தக் கணத்திலேயே பட்டியலின் தலைக்கு வந்துவிட்டார்கள். குப்பிகளை மாத வாரியாகப் போட்டுவிட்டுச் சரியாகக் கலக்காததால், ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்களுக்கு முன்வரிசை எண்கள் மிகுதியாக விழுந்தன. புள்ளியியல் அறிஞர்கள் இதைச் சுட்டிக்காட்டிய பிறகு அடுத்த ஆண்டுக் குலுக்கலில் முறை திருத்தப்பட்டது. முதல் குலுக்கலில் சிக்கிய டிசம்பர்ப் பிள்ளைகளுக்கு அந்தத் திருத்தத்தால் பயனில்லை. பெரும்பாலான மாநிலங்களில் அப்போது வாக்களிக்கும் வயது 21 என்பதையும் இதோடு சேர்த்து எண்ண வேண்டும். இறந்த 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை வயதுவாரியாகப் பிரித்தால் 20 வயதில் இறந்தவர்களே மிக அதிகம். தம்மைப் போருக்கு அனுப்பியவர்களைத் தேர்ந்தெடுக்கவோ நீக்கவோ உரிமை இல்லாமலே அவர்கள் செத்துப்போனார்கள். வாக்குரிமை வயதை 18 ஆக்கிய அரசியல் சட்டத் திருத்தம் 1971 ஜூலையில்தான் நிறைவேறியது.

சரி, வாக்குரிமை உள்ளவர்களால் என்ன செய்ய முடிந்தது? 1966 பிப்ரவரியில் செனட்டர் ஃபுல்பிரைட் தலைமையிலான வெளியுறவுக் குழு போரைப் பற்றி வெளிப்படையான விசாரணை நடத்தியது. டோங்கின் தீர்மானத்தைச் செனட்டில் முன்னின்று நிறைவேற்றிக் கொடுத்தவர் இதே ஃபுல்பிரைட்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். ராஜதந்திரி ஜார்ஜ் கென்னன் சாட்சியம் சொன்ன நாளில் சிபிஎஸ் தொலைக்காட்சி அதை ஒளிபரப்பாமல் பழைய நகைச்சுவைத் தொடரைப் போட்டதால், அதன் செய்திப் பிரிவின் தலைவர் ஃபிரெட் ஃபிரெண்ட்லி பதவி விலகினார். விசாரணையால் மக்களுக்கு விவரம் கிடைத்தது; அரசின் போக்கு மாறவில்லை. அதே ஆண்டில் போர்ச் செலவைக் காரணம் காட்டித் தொலைபேசிக் கட்டணத்தின் மீதான 10 சதவீத வரி மீண்டும் விதிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் மாதந்தோறும் பில்லில் அந்த வரித் தொகையை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைச் செலுத்தி, போருக்குப் பணம் தர என் மனசாட்சி இடம் தரவில்லை என்று ஒரு கடிதத்தையும் இணைத்து அனுப்பினார்கள். வரித்துறை அந்தச் சில டாலர்களை வட்டியோடு அவர்களின் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டது. இதனால் போருக்குச் சல்லிக்காசு குறையவில்லை என்பது உண்மை. ஆயினும் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய வழி எதுவும் எட்டவில்லை என்பதையும் மறுக்க முடியாது.

தேர்தல் என்ற வழியும் 1968இல் அடைபட்டது. அதற்கு முந்தைய நவம்பரில் தளபதி வெஸ்ட்மோர்லண்ட் தாயகம் வந்து, முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்று பேசியிருந்தார். தெற்கு வியட்நாமின் தலைநகரான சைகோனில் தினந்தோறும் மாலையில் இராணுவம் நடத்திய செய்தியாளர் கூட்டத்தை நிருபர்கள் ‘ஐந்து மணிக் கூத்து’ என்றே அழைத்தார்கள். எதிரியின் பிணக் கணக்கு அங்கே நாள்தோறும் ஏறிக்கொண்டே போகும், போர் மட்டும் முடியாது. ஜனவரி இறுதியில் டெட் என்ற வியட்நாமியப் புத்தாண்டுப் பண்டிகையின்போது தெற்கு வியட்நாமின் 100க்கும் மேற்பட்ட நகரங்களிலும் ஊர்களிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தாக்குதல் வெடித்து, சைகோனின் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே எதிரிகள் புகுந்தபோது, மக்கள் அதிர்ந்தது தோல்வியைக் கண்டு அன்று. இராணுவ நோக்கில் அந்தத் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அதை இரு தரப்பு ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். இரண்டு மாதங்களுக்கு முன் தங்களிடம் சொல்லப்பட்டதற்கும் திரையில் கண்டதற்கும் இருந்த இடைவெளிதான் அவர்களை உலுக்கியது. மார்ச் 12 அன்று நியூ ஹாம்ப்ஷயர் உட்கட்சித் தேர்தலில் போர் எதிர்ப்பாளரான செனட்டர் யூஜின் மெக்கார்த்தி 42 சதவீதம் பெற்று, 49 சதவீதம் பெற்ற ஜான்சனை அச்சுறுத்தினார். அந்த வாக்குகள் எல்லாம் சமாதானத்துக்கான வாக்குகள் என்றுதான் பொதுவாக எழுதுகிறார்கள். வாக்காளர்களிடம் நடத்திய ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது: மெக்கார்த்திக்கு வாக்களித்தவர்களில் பெரும் பகுதியினர், ஜான்சன் போதுமான அளவு கடுமையாகப் போரிடவில்லை என்று கோபம் கொண்டவர்கள். ஒன்று வென்று முடி, அல்லது வெளியே வா என்பதே பலருடைய மனநிலை. எதிரெதிர் முடிவுகளை விரும்பியவர்கள் ஒரே ஆற்றாமையால் ஒரே சீட்டில் முத்திரை குத்தினார்கள்.

மார்ச் 31 அன்று ஜான்சன் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். போரை எதிர்த்து வேட்பாளராக முயன்ற செனட்டர் ராபர்ட் கென்னடி ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சி, உட்கட்சித் தேர்தல் எதிலும் போட்டியிடாத துணைக் குடியரசுத் தலைவர் ஹம்ஃப்ரியையே வேட்பாளராக்கியது. குண்டுவீச்சை நிறுத்தக் கோரிய தீர்மானத்தையும் தோற்கடித்தது. போரை எதிர்த்த வாக்காளர் முன் நவம்பரில் இருந்தவை ஹம்ஃப்ரி, தேர்தலில் வென்ற குடியரசுக் கட்சியின் நிக்சன் என்ற இரு பெயர்களும், இருவரிடமும் தெளிவில்லாத வாக்குறுதிகளும்தான். தெருவில் இறங்கியவர்களின் எண்ணிக்கை அதற்குப் பிறகே உச்சத்தைத் தொட்டது தற்செயல் அல்ல என்று நான் கருதுகிறேன்.

இப்போது உங்கள் முதல் கேள்வி, பயமா நியாய உணர்வா என்பது. சமூகவியலாளர் ஹாவர்டு ஷுமன் 1972இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது. டெட்ராய்ட் நகரத்துப் பொதுமக்களையும் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களையும் தனித்தனியே அவர் ஆராய்ந்தார். பொதுமக்கள் போரை எதிர்த்தது பெரும்பாலும் நம் பிள்ளைகள் பயனின்றிச் சாகிறார்கள், வெற்றியும் கிட்டவில்லை என்பதால். மாணவர்கள் எதிர்த்தது வியட்நாமியரைக் கொல்வது தகாது, நம் நோக்கமே பிழை என்பதால். ஆகவே இரண்டும் உண்டு; ஆனால் ஒரே நெஞ்சில் அல்ல. இதனால்தான் போர் தவறு என்று சொன்ன பெரும்பான்மை, போராட்டக்காரர்களையும் வெறுத்தது. 1970 மே 4 அன்று ஒஹாயோவின் கென்ட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல்படையினர் 13 வினாடிகளில் 67 முறை சுட்டு நான்கு மாணவர்களைக் கொன்ற பிறகு எடுத்த கருத்துக்கணிப்பில், 58 சதவீதத்தினர் மாணவர்களையே குற்றம் சொன்னார்கள். அதே வாரம் நியூயார்க்கில் கட்டடத் தொழிலாளர்கள் போர் எதிர்ப்பு மாணவர்களை அடித்து விரட்டினார்கள். அந்தத் தொழிலாளர்களின் தம்பிகளும் பிள்ளைகளும்தான் வியட்நாமில் இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு அவர்களை வெறும் போர்ப்பிரியர்கள் என்று ஒதுக்கினால் அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

படைவீரர்கள்மீது காறித் துப்பிய செய்தி ஐயத்துக்குரியது. அப்படித் தமக்கு நேர்ந்ததாகப் பலர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அந்த ஆண்டுகளின் செய்தித்தாள்களையும் பதிவுகளையும் தேடிய சமூகவியலாளர் ஜெர்ரி லெம்கி, தாமும் வியட்நாமில் பணியாற்றியவர், அக்காலத்துச் சான்று கிடைக்கவில்லை என்றார். சில செய்திகள் உண்டு என்று மறுத்தவர்களும் உண்டு. ஆங்காங்கே நடந்திருக்கலாம், பரவலான வழக்கமாக இருந்ததற்கு ஆதாரமில்லை என்பதற்கு மேல் நான் போகமாட்டேன். உறுதியாகத் தெரிந்தது, போராட்டக்காரர்களில் படைவீரர்களே இருந்தார்கள் என்பது. 1971 ஏப்ரல் 23 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் போடப்பட்டிருந்த வேலிக்கு முன் நூற்றுக்கணக்கான முன்னாள் வீரர்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒலிபெருக்கியில் தம் பெயரையும், பலர் இறந்த தோழர்களின் பெயரையும் சொல்லிவிட்டு, அரசு தந்த பதக்கங்களைக் கழற்றி வேலிக்கு அப்பால் எறிந்தார்கள்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஜூன் 13 அன்று, முன்பு பாதுகாப்புத் துறையில் பணியாற்றிய டேனியல் எல்ஸ்பர்க் வெளிக்கொணர்ந்த, பென்டகன் எனப்படும் அத்துறைத் தலைமையகத்தின் இரகசிய ஆவணங்கள் நியூயார்க் டைம்ஸில் வரத் தொடங்கின. மெக்னமாராவே 1967இல் தொகுக்கச் சொன்ன சுமார் 7,000 பக்கங்கள். அதில் பாதுகாப்புத் துறை அதிகாரி ஜான் மெக்நாட்டன் 1965 மார்ச்சில், முதற்படை இறங்கிய அதே மாதத்தில், அமெரிக்காவின் நோக்கங்களைச் சதவீதமாகப் பிரித்து எழுதிய குறிப்பு ஒன்று உண்டு: அவமானகரமான தோல்வியைத் தவிர்ப்பது 70 சதவீதம், சீனாவின் கைக்கு அந்த நிலம் போகாமல் காப்பது 20 சதவீதம், தெற்கு வியட்நாம் மக்களுக்கு மேலான சுதந்திர வாழ்வு கிடைக்கச் செய்வது 10 சதவீதம். மக்களிடம் மேடைதோறும் சொல்லப்பட்டது அந்தக் கடைசிப் பத்துச் சதவீதத்தை. இந்தப் போரின் ஆவணங்களில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் இந்தக் குறிப்பைத்தான் காட்டுவேன்.

போர் நின்றது எதிர்ப்பாலா? எதிர்ப்பு உச்சத்திலிருந்த காலத்துக்குப் பிறகும் போர் சில ஆண்டுகள் நடந்தது. நிக்சன் பதவியேற்ற பிறகு மட்டும் 20,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும், அதைப் போலப் பல மடங்கு வியட்நாமியரும் இறந்தார்கள். ஆகவே மக்கள் தெருவில் இறங்கினார்கள், போர் நின்றது என்று நேர்கோடு போட முடியாது. எதிர்ப்பு போரைச் சுருக்கியதா நீட்டியதா என்பதிலும் அறிஞர்கள் இன்றுவரை உடன்படவில்லை. அமெரிக்கர் களைப்பார்கள் என்ற நம்பிக்கையில் ஹனோயிலிருந்த வட வியட்நாம் அரசு காத்திருந்தது என்ற வாதத்தை முற்றாகத் தள்ள முடியாது. ஆனால் போர் பெரிதாகாமல் அது தடுத்தது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 1969 நவம்பர் 1க்குள் இணங்காவிட்டால் கடுமையான அடி விழும் என்று நிக்சன் வட வியட்நாமுக்கு இரகசியக் கெடு விதித்திருந்தார், திட்டமும் தயாராகிக்கொண்டிருந்தது. அக்டோபர் 15 அன்று நாடெங்கும் லட்சக்கணக்கானோர் வேலையை நிறுத்திக் கூடினார்கள். கெடு கடந்தது, அடி விழவில்லை. அந்தக் கூட்டங்கள் தம் கெடுவின் வலிமையை அழித்துவிட்டதாக நிக்சனே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். அன்று கூடியவர்களுக்கு இது தெரியாது. பத்தொன்பது நாள் கழித்து நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, ‘மௌனப் பெரும்பான்மை’ தம் பக்கம் இருப்பதாகப் பேசியதைக் கேட்டு, தாங்கள் தோற்றுவிட்டதாகவே பலர் நினைத்தார்கள். சட்டத்தில் பதிந்த விளைவுகள் மெதுவாக வந்தன: 1971 ஜனவரியில் டோங்கின் தீர்மானம் நீக்கப்பட்டது, 1973 ஆகஸ்ட் 15 முதல் இந்தோசீனாவில் குண்டுவீச்சுக்குப் பணம் மறுக்கப்பட்டது, அதே நவம்பரில் நிக்சனின் மறுப்பாணையை மீறிப் போர் அதிகாரச் சட்டம் நிறைவேறியது.

அரசின்மீதான நம்பிக்கைக்கு நேர்ந்ததையும் எண்ணால் சொல்ல முடியும். வாஷிங்டன் பெரும்பாலும் சரியானதையே செய்யும் என்று நம்பியவர்கள் 1964இல் 77 சதவீதம், 1974இல் 36 சதவீதம். இதை முழுக்கப் போரின் கணக்கில் எழுதுவது பிழை. வாட்டர்கேட் ஊழலும் இன மோதல்களும் விலைவாசியும் அதில் உண்டு. ஆனால் வாட்டர்கேட் முழுதாக வெளிவருவதற்கு முன்பே, 1972இலேயே, அது 53 சதவீதத்துக்கு இறங்கிவிட்டிருந்தது. சரிவின் பெரும்பகுதியைப் போரோடு சேர்த்துப் பார்க்க இதுவே என் காரணம்.

கடைசியாக, கட்டாய ஆள்சேர்ப்பு 1973 ஜனவரியில் நிறுத்தப்பட்டதை எதிர்ப்பியக்கத்தின் தெளிவான வெற்றி என்று பலர் எழுதுகிறார்கள். அதில் எனக்கு முழு உடன்பாடில்லை. ஆள்சேர்ப்பு குறையக் குறையக் கல்லூரிகளில் எதிர்ப்பும் அடங்கியது. நிக்சனின் ஆலோசகர்கள் அதை எதிர்பார்த்தே செய்தார்கள் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அதன் பிறகு அமெரிக்கா நடத்திய போர்களுக்கெல்லாம் தாமாகச் சேர்ந்தவர்களே போனார்கள். விருப்பமில்லாத பிள்ளையை இழுத்துச் செல்லும் கடிதம் எந்த வீட்டுக்கும் வரவில்லை. 2003 பிப்ரவரி 15 அன்று ஈராக் போரை எதிர்த்து உலகின் நூற்றுக்கணக்கான நகரங்களில், அமெரிக்க நகரங்களிலும், லட்சக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். ஐந்து வாரத்துக்குள் போர் தொடங்கியது. எட்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. எதிர்ப்பு 1969இன் அளவை மீண்டும் எட்டவேயில்லை. ஆள்சேர்ப்பு இல்லாததுதான் இதற்கு முழுக் காரணம் என்று நிறுவ முடியாது. பெருங்காரணம் என்று நான் நினைக்கிறேன்.